யாருக்காக எடுத்த படம்?

சென்ற திங்கள் பசறைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையிலே மாணவர் கண்காட்சியொன்றைப் பார்க்கச் சென்றிருந்தேன். ‘எங்கள் குடும்பம்’ என்பது அதன் பொருள். வீட்டிலுள்ள மிகப் பழைய நிழற்படம் ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டுமென்று ஆசிரியை பணித்திருந்தார். நீண்ட மேசையொன்றின்மேல் வெள்ளைத் துணி விரித்துப் படங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அடையாள அட்டைக்கென எடுத்த சிறு படங்கள். கடவுச்சீட்டுக்கென எடுத்த படங்கள். ஒருவர் இறந்த பின்னர் மாலை சூட்டி மாட்டுவதற்காக, அதே அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வாங்கிய படங்கள். திருமணப் படங்கள் ஒன்றிரண்டு. தாயும் மகளும், பாட்டியும் பேரனும் தாமாக விரும்பி ஒன்றாயிருந்து எடுத்துக்கொண்ட பழைய படம் என்று சொல்லத்தக்கது அம்மேசையில் மிக அரிதாகவே இருந்தது.

மேசையின் ஒரு மூலையில் பென்சிலால் வரைந்த முதியவள் ஒருத்தியின் உருவம். வரைந்த சிறுமி பக்கத்திலேயே நின்றாள். “எங்க பூட்டிக்குப் படமே இல்லீங்க சேர். அம்மா சொல்லச் சொல்ல நான் வரைஞ்சேன்” என்றாள். நல்ல ஓவியம் என்று கூறிவிட முடியாது. ஒரு காது சற்று மேலேறியிருந்தது. ஆயினும் நான் நெடுநேரம் நின்று பார்த்தது அதனைத்தான். மற்றப் படங்களெல்லாம் யாரோ ஓர் அதிகாரி கேட்டதற்காக எடுக்கப்பட்டவை. அச்சிறுமியின் வீட்டார் தமக்கு வேண்டுமென்று தாமே உண்டாக்கிக்கொண்ட உருவம் அது ஒன்றே.

ஊவா மலைகளிலே பல குடும்பங்களின் நிழற்பட வரலாறு அலுவலகத்திலிருந்துதான் தொடங்குகின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையில் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வதென்று விட்டு, 1974இல் ஆளுக்கு 75,000 எனப் பங்கிட்டுக்கொண்டார்கள். கொழுந்தைத் தராசில் நிறுத்துப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்த கணக்கு இது. இக்கணக்கிலே இந்தியாவின் பக்கம் விழுந்தவருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். அதுவரை காமிராவின் முன் நின்றறியாத எத்தனையோ பேர் அந்நாளில்தான் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைக் கடைத்தெருக்களிலிருந்த ஸ்ரூடியோக்களின் படியேறினர். ஒரு குடும்பத்தின் முதற்படம், அது பிரியப்போவதற்குச் சான்றாக எடுக்கப்பட்டது.

1971இல் அத்தகைய படியொன்றில் நானும் ஏறினேன். எனக்கு அப்போது ஏழு வயது. நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டமொன்றில் எங்களுக்கு இரண்டு காம்பராக்கள். ஒன்றில் நாங்கள், அடுத்ததில் அத்தை குடும்பம். மாமா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஏன் அப்படிப் பிரிந்து எழுதினார்கள் என்று பின்னாளில் கேட்டபோது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். எந்தக் காரணமும் அந்த இரண்டு காம்பராக்களுக்கு இடையிலிருந்த சுவரளவு கனமுடையதாக எனக்குத் தோன்றவில்லை.

அத்தை குடும்பத்தின் கடவுச்சீட்டுப் படத்துக்காகப் பதுளைக்குப் புறப்பட்ட நாளில் லயத்துப் பாதிப்பேர் கூட வந்தோம். ஸ்ரூடியோவிலே மாமா, அத்தை, பிள்ளைகள் மூவர் ஆகியோரை ஒரு வாங்கில் நெருக்கி உட்காரவைத்து, காது தெரியவேண்டும், கண்ணை இமைக்கக்கூடாது, சிரிக்கக்கூடாது என்று படம் பிடிப்பவர் கட்டளைகளை அடுக்கினார். படம் எடுத்தாயிற்று. எல்லாரும் எழுந்து வெளியே வரும்போது என் அப்பாயி மட்டும் நகரவில்லை. அப்பாவைப் பார்த்து, “இது கவர்மெண்டுக்கு. நமக்கு ஒண்ணு புடிக்கச் சொல்லு” என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்தவளும் அவளே.

ஆகவே கால்மணி நேர இடைவெளியில், அதே திரைக்கு முன்னால், அதே விளக்கொளியில், அதே உடைகளோடு இரண்டு படங்கள் எடுக்கப்பட்டன. முன்னது அரசாங்கத்தோடு போயிற்று. பின்னதில் இரண்டு பிரதி போட்டார்கள். ஒன்று அத்தைக்கு, ஒன்று எங்களுக்கு. எங்கள் பிரதி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. இதிலும் எவரும் சிரிக்கவில்லை. முன்னைய கட்டளைகளின் பயம் இன்னும் தெளியவில்லை போலும். பதினொரு பேரும் விறைத்து நிற்கிறோம். முகங்களைப் பார்த்து அன்பு எங்கே என்று தேடுபவர் ஏமாந்துபோவார். ஆனால் அப்பாயி அத்தை மகனுக்குப் பின்னே நிற்கிறாள். அவளுடைய வலக்கை அவன் தோளின்மேல் வந்து, அவனுடைய சட்டைக் கழுத்தை இறுகப் பற்றியிருக்கிறது. துணி சுருங்கி நான்கு மடிப்பு விழுந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள் அவை. பற்றச் சொல்லி எவரும் சொல்லவில்லை. பற்றியிருப்பது அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் ஐயமே.

அத்தை குடும்பம் பதுளையில் புகைவண்டியேறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னாருக்குப் போய், இராமானுஜம் என்ற கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தது. அவ்வண்டியை எங்கள் பெரியவர்கள் அழுகைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். அதைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. மலையகத்தில் அதனை அறியாத வீடு இல்லை.

அன்பைப் படம்பிடிப்பது பற்றி எண்ணும்போதெல்லாம் நம் மலைநாட்டு மண்ணிலேயே அடக்கமாகியிருக்கும் ஆங்கிலப் பெண்மணி ஒருவரின் நினைவு எனக்கு வரும். ஊவாவுக்கு மேற்கே, பொகவந்தலாவையில் உள்ள தூய மரியாள் ஆலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்பவரின் கல்லறை இருக்கிறது. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டாம் வயதில், 1863ஆம் ஆண்டின் நத்தார்க் காலத்தில், மகளும் மருமகனும் பரிசளித்த காமிராவைக் கொண்டு இங்கிலாந்தில் தம் வீட்டாரையே முதன்மையாகப் படம்பிடிக்கத் தொடங்கினார். கணவர், உடன்பிறந்தாரின் மக்கள், வீட்டுப் பணிப்பெண்கள், வந்துபோகும் நண்பர்கள் எவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்நாளைய முறையில் ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். அவ்வளவு நேரம் எவராலும் பாவனை செய்துகொண்டிருக்க இயலாது; முகத்தில் அணிந்துகொண்ட முகம் களைத்து விலகும்போது உள்ளிருக்கும் முகம் மெல்ல வெளிவரும். படம் தெளிவில்லை, மங்கல் என்று அக்காலத்து வல்லுநர் பழித்தனர். ஆயினும் 1867இல் தம் சகோதரியின் மகள் ஜூலியா ஜாக்சனை அவர் எடுத்த படங்கள் இன்றும் உலகம் போற்றுபவை. பின்னாளில் வர்ஜீனியா வூல்ஃப் என்னும் நாவலாசிரியைக்குத் தாயானவர் அந்த ஜாக்சன்.

இப்பெண்மணி 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிவந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கேமரனை நம் ஆசிரியர்கள் அறிவார்கள். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் கோல்புரூக்கின் பெயரோடு சேர்த்துப் பாடப் புத்தகத்தில் வருபவர் அவரே. மலைநாட்டில் அவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கப்பலேறும்போது ஒரு பசுவையும் இரண்டு சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்று சொல்வதுண்டு, முன்யோசனை மிக்கவர்கள்! இங்கும் அவர் படமெடுத்தார். முப்பதுக்கும் குறைவானவையே இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் பெரும்பாலும் இருப்பவர்கள் நம் நாட்டுத் தொழிலாளரும் குடியானவருமே. படங்கள் அழகியவை, பார்வையில் இகழ்ச்சி இல்லை. ஆனால் இங்கிலாந்தில் தேவமாதாவாக வேடமிட்டு நின்ற பணிப்பெண்ணுக்குக்கூட மேரி ஹில்லியர் என்ற பெயர் வரலாற்றில் நிலைத்திருக்க, இங்கு நின்றவர் எவருக்கும் பெயரில்லை. இனமும் ஊருமே தலைப்பாயின. 1877 அளவில் களுத்துறையில் அவரோடு தங்கிய ஓவியர் மரியான் நோர்த் ஒரு செய்தியை எழுதியிருக்கிறார். ஊர்க்காரர் ஒருவரின் முதுகழகில் மயங்கிய கேமரன், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டில் தோட்டமே இல்லை! நகைச்சுவையாகத்தான் நோர்த் அதனைச் சொல்கிறார். எனக்கோ, அந்த முதுகுக்கு ஒரு முகமும் பெயரும் இருந்திருக்குமே என்ற எண்ணம் முள்ளாக நிற்கிறது. வீட்டாரின் முகத்தைத் தேடி நிமிடக்கணக்கில் காத்திருந்த அதே கண் இங்கு முதுகோடு நிறைவடைந்துவிட்டது. 1879 தை மாதத்தில் அவர் மறைந்தார்.

கேமரனையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவருக்குப் பின்னர் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலையோடு விளம்பரமும் வந்தது. 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். கூடை சுமந்த தமிழ்ப்பெண்ணின் உருவம் தேயிலைப் பெட்டியிலும் சுவரொட்டியிலும் உலகெங்கும் சென்றது. கொழும்பில் பிளாட்டே, ஸ்கீன் முதலிய ஸ்ரூடியோக்கள் கொழுந்தெடுக்கும் பெண்களின் படங்களை அஞ்சலட்டையாக விற்றன. உலகில் மிகுதியாகப் படம்பிடிக்கப்பட்ட பெண்களில் எங்கள் பாட்டிமாரும் அடங்குவர் என்று துணிந்து சொல்லலாம். அப்படங்களில் ஒன்றுகூட அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டதில்லை.

இன்றைக்கும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. எல்லையையும் தெமோதரையையும் இணைக்கும் ஒன்பது வளைவுப் பாலத்தருகிலும், லிப்டன் ஆசனத்துக்கு ஏறும் வழியிலும் சுற்றுலாப் பயணிகள் கொழுந்தெடுப்பவரைப் படம்பிடிக்கிறார்கள். சிலர் காசு கொடுக்கிறார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன், நாட்சம்பளம் அவ்வளவுதான். அப்பயணிகளுக்கு வேண்டியது ‘இயல்பான’ படம். படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு நிற்கவேண்டும். நல்ல சேலை உடுத்தி நின்றால் அது அவர்களுக்கு இயல்பன்று. ஒரு தாய்க்கு எது இயல்பு என்று தீர்ப்பளிக்க வழிப்போக்கருக்கு என்ன உரிமை?

இவ்வாறு பிறரைக் கேட்கும் வாயால் என்னையும் நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1986இல் எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்தது. முதற் சம்பளத்தில் அம்மாவைப் பதுளைக்கு அழைத்துச் சென்று படமெடுத்தேன். தங்கைக்கென்று வாங்கி வைத்திருந்த புதுச் சேலையை அம்மா உடுத்திக்கொண்டார். சுவரில் நீர்வீழ்ச்சி தீட்டிய திரை. நாற்காலியில் அம்மா, பக்கத்தில் கால்சட்டையும் கழுத்துப்பட்டியுமாக நான். படம் பிடிப்பவர் தயாரான நேரத்தில் அம்மாவின் கைகள் என் கண்ணில் பட்டன. விரல்நுனிகளில் வெடிப்பு, வெடிப்புக்குள் போகாத கறுப்புக் கறை. அப்படத்தை ஆசிரிய நண்பர்கள் பார்ப்பார்களே என்ற எண்ணம் எனக்கு வந்தது. “கைய முந்தானைக்குள்ள வச்சிக்கங்கம்மா” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வைத்துக்கொண்டார்.

அம்மா 1999இல் காலமானார். அந்தப் படம் வீட்டில் இருக்கிறது. வருபவர்கள் அழகிய படம் என்கிறார்கள். அதில் அம்மாவுக்குக் கையில்லை. அவர் நல்ல சேலை உடுத்த விரும்பியது அவர் விருப்பம். அது பொய்யன்று, அவர் வாழ்ந்த வாழ்வில் அதுவும் ஒரு மெய். கையை மறைத்தது மட்டும் என் விருப்பம். எவரோ பார்ப்பதற்காகச் செய்தது. அப்பாயி தன் காசு கொடுத்து, தனக்கென்று எடுக்கச் சொன்ன படத்தில் அவள் கை நடுநாயகமாக நிற்பதையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, நான் படித்த படிப்பைப் பற்றி எனக்குச் சற்று வெட்கமாக இருக்கிறது.

காமிரா செய்யாததை எங்கள் எழுத்து ஓரளவு செய்தது என்று சொல்லவேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் வெளியிட்ட ‘போர்ன் டு லேபர்’ என்ற ஆங்கில நூலில் தோட்டத்து மனிதர்களைச் சொல்லோவியமாக வரைந்து வைத்தார். ஹாலிஎலைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப் லயத்துக்குள்ளிருந்தே லயத்தை எழுதினார். இருவருக்கும் அம்மனிதர்கள் அயலாரல்லர்.

இக்காலத்தில் காமிரா எல்லார் கையிலும் கைபேசியாக வந்துவிட்டது. வெளிநாட்டு வேலைக்குப் போன தாய்க்குப் பிள்ளையின் முகம் நாள்தோறும் போய்ச் சேர்கிறது; இது சிறிய காரியமன்று. 1971இல் எங்களுக்கு அது கிடைத்திருந்தால் அப்பாயி இன்னும் சில ஆண்டு இருந்திருப்பாளோ என்னவோ. ஆனால் நம் இளைஞரின் கைபேசிகளை வாங்கிப் பாருங்கள். தம் முகமே ஆயிரம் இருக்கும். துன்ஹிந்த அருவியோரத்தில் மணமக்கள் சினிமாக்காரரைப்போல் பார்த்துக்கொள்ளும் படங்கள் இருக்கும். பெரட்டுக்குப் போகும்முன் அடுப்படியில் ரொட்டி தட்டும் அம்மா இருக்கமாட்டார். கேட்டால், “அம்மாதான் வேணாங்கிறாங்க சேர்” என்பார்கள். அம்மா ஏன் வேண்டாமென்கிறார் என்பதை நான் அறிவேன். தம்மைப் படம்பிடிப்பவர் தம்மை யாருக்குக் காட்டப்போகிறார் என்ற அச்சம் நூறாண்டுப் பழக்கத்தில் வந்தது.

அவ்வச்சத்தைப் போக்கும் வழி பிள்ளைகளிடமே இருக்கிறது. இஸ்தோப்பில் மாலைத் தேநீர் வேளையில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கொள்ளுங்கள். சிரியுங்கள் என்று கேட்காதீர்கள். என்ன உடுத்திக்கொள்வது, எங்கே உட்காருவது, யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் அவர்களிடம் விட்டுவிடுங்கள். நகைகளையெல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றால், அப்படியே எடுங்கள். படமெடுத்ததும் முதலில் அவர்களுக்கே காட்டுங்கள், வேண்டாமென்றால் அழித்துவிடுங்கள். ஏற்றுக்கொண்டதைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். பின்புறத்தில் பெயர், தோட்டம், டிவிஷன், ஆண்டு ஆகியவற்றை மையால் எழுதுங்கள். கேமரன் செய்யத் தவறியதை நாமும் தவறவிட வேண்டியதில்லை. ஆசிரியர்கள் இதனை ஒரு பாடவேலையாகவே தரலாம். கம்பளைக்கு அண்மையில் பழைய லயமொன்றில் 2007இல் அமைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைக் கண்டவர்கள், ஒரு பழைய விளக்கும் ஒரு பழைய படமும் பெயரோடு இருந்தால் எவ்வளவு பேசும் என்பதை அறிவார்கள்.

பிரதிகளை ஒரே வீட்டில் வைக்கவும் வேண்டாம். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, நம் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. காலையில் பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பிவந்து பார்த்தபோது வீடிருந்த இடம் சேறாயிருந்தது. சுவரில் மாட்டியிருந்த படமும் அச்சேற்றுக்குள்தானே போயிருக்கும்? தாயின் முகத்தை நினைவிலிருந்து மட்டும் மீட்கவேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது. வேறொரு ஊரில் சித்தி வீட்டிலோ மாமன் வீட்டிலோ ஒரு பிரதி இருப்பது காப்புறுதியைவிடப் பெரிது.

எங்கள் படத்தின் இரண்டாவது பிரதி அத்தையோடு கடல் கடந்து போயிற்று என்று சொன்னேன். அத்தை குடும்பம் நீலகிரியில், கோத்தகிரிப் பக்கத்தில், மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தது. 1984இல் கப்பலும் நின்றுவிட, கடிதம் ஒன்றே தொடர்பாயிற்று. பிறகு அதுவும் தேய்ந்தது. கண்காட்சியிலிருந்து வந்த இரவு அத்தை மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவனுக்கும் இப்போது பேரப்பிள்ளைகள். “அந்தப் படம் உன்கிட்ட இருக்கா மச்சான்?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, “இருக்கு, ஆனா முழுசா இல்ல” என்றான். மறுநாள் அதனைக் கைபேசியில் பிடித்து அனுப்பினான்.

படத்தின் நடுவே சதுரமாக ஒரு துளை. 1979இல் அப்பாயி இறந்த செய்தி அங்கே கடிதத்தில் போய்ச் சேர்ந்தபோது, மாலை போடுவதற்கு அவர்களிடம் வேறு படம் இல்லை. அத்தை கத்தரிக்கோலை எடுத்து அப்பாயியின் முகத்தை மட்டும் வெட்டிக் கோத்தகிரி ஸ்ரூடியோவில் பெரிதாக்கி வாங்கியிருக்கிறாள். அது இன்றும் அவர்கள் வீட்டுச் சாமிப் படங்களோடு இருக்கிறதாம். வெட்டியது போக மிஞ்சிய படத்தில் நாங்கள் பத்துப் பேரும் அதே விறைப்போடு நிற்கிறோம். எட்டு வயது மச்சானுக்குப் பின்னால் எவரும் இல்லை. அவன் சட்டைக் கழுத்தைப் பற்றியபடி அந்தக் கை மட்டும் இருக்கிறது.